பை போயிற்று, வலி போகவில்லை

கர்ப்பப்பையை எடுத்துவிட்ட ஒரு பெண்ணுக்கு அதன் பிறகும் அடிவயிறு வலித்தால் அந்த வலிக்கு நம்மிடையே முகவரி கிடையாது. டாக்டரிடம் போனால் 'ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே'. வீட்டில் சொன்னால் 'அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி?' பக்கத்து வீட்டில் சொன்னால் 'கத்தி பட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க'. இந்தப் பதில்கள் வேறுவேறு இடங்களிலிருந்து வருகின்றன. ஆனால் வலியைப் பற்றிய பேச்சை முடித்துவைப்பது என்ற ஒரே வேலையைத்தான் மூன்றும் செய்கின்றன. உறுப்பு இருந்தது, நோய் இருந்தது; உறுப்பு போனது, நோய் போனது என்ற கணக்கில் அடங்காத மிச்சம் இது. மருத்துவம், இயக்கம், இலக்கியம் ஆகிய மூன்று சொல்லாடல்களும் கர்ப்பப்பையைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. எடுத்தபின் இருக்கிற உடம்பைப் பற்றி மூன்றும் கொஞ்சமாகவே பேசியிருக்கின்றன. இது ஏன் என்று கேட்பதும், இந்த மிச்சத்தோடு வாழ்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பார்ப்பதுமே இக்கட்டுரையின் அக்கறை.

1

முதலில் மருத்துவம். இந்த வலி கற்பனையல்ல என்பதற்கு மருத்துவத்தின் சொந்தப் பிரதிகளே சாட்சி. புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 1135 பெண்களிடம் ஓராண்டு கழித்து விசாரித்த டென்மார்க் ஆய்வொன்று 2007இல் வெளியானது. அவர்களில் 100க்கு 32 பேருக்கு வலி நீடித்திருந்தது. அப்படி வலி இருந்தவர்களில் ஏறக்குறைய 7இல் ஒருவருக்கு ஆபரேஷனுக்கு முன்பு அந்த வலியே இருந்ததில்லை. மற்றவர்கள் வலியோடு போனவர்கள், வலியோடு திரும்பியவர்கள். இன்னொன்றையும் அந்த ஆய்வு சொல்கிறது. வலிக்காகவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், முன்பே சிசேரியன் ஆனவர்கள், உடம்பில் வேறிடத்திலும் வலி உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். அதாவது எதற்காக எடுக்கிறோமோ அதுவே போகாமல் இருக்கும் சாத்தியம் கூடுதலாக உள்ளவர்கள், அதற்காகவே எடுத்துக்கொண்டவர்கள்.

இதைச் சொல்வதால் ஆபரேஷனே வேண்டாம் என்று வாதிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள்கணக்கில் உதிரம் கொட்டி ரத்தசோகையில் விழுந்த பெண்களுக்கு, பெரிய நார்க்கட்டியைச் சுமந்தவர்களுக்கு, அது விடுதலையாகவே இருந்திருக்கிறது. மேற்சொன்ன கணக்கிலும் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் வலியின்றி இருந்தார்கள். நம் கேள்வி மீதியுள்ள ஒரு பங்கைப் பற்றியது.

காரணங்களும் தெரியாதவையல்ல. அடிவயிற்றின் குறுக்கே வெட்டும்போது வயிற்றுச் சுவரில் ஓடும் நரம்பு வெட்டுப்படலாம், தையலில் சிக்கலாம். உள்ளே தழும்புத்திசு வளர்ந்து குடலையும் சிறுநீர்ப்பையையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் நோயில் கர்ப்பப்பையின் உள்வரிச் சதையைப் போன்றது கர்ப்பப்பைக்கு வெளியே படர்ந்திருக்கும். ஆகவே கர்ப்பப்பையை எடுப்பதால் மட்டும் அது போய்விடாது. இடுப்பின் அடித்தளத் தசைகள் வருஷக்கணக்கான வலியில் இறுகிப்போய் இளக மறந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, நீண்டகால வலியில் நரம்பு மண்டலமே வலியைக் கற்றுக்கொள்கிறது. சிறிய தொடுகையையும் பெரிய வலியாக மாற்றுகிறது. தண்டுவடம் வலிச் செய்தியை அப்படியே கடத்தும் வெறும் கம்பி அல்ல, கூட்டியும் குறைத்தும் அனுப்பும் வாயில் என்று மெல்ஸாக்கும் வாலும் 1965இலேயே எழுதிவிட்டார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலில், அறுவைக்குப் பின் 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடமே இருக்கிறது.

அறிவு இருக்கிறது. ஆனால் வார்டுக்கு வருவதில்லை. மருத்துவமனையின் கதையாடல் டிஸ்சார்ஜ் சீட்டோடு முடிகிறது. தையல் பிரித்தாயிற்று, பயாப்ஸி வந்தாயிற்று, கோப்பு மூடப்பட்டது. மூடிய கோப்பிலிருந்து குரல் வந்தால் அதை மனசின் குரலாக மாற்றிவிடுவது பழைய தந்திரம். ஹிஸ்டீரியா என்ற சொல்லின் வேர் கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கர்ப்பப்பை உடம்புக்குள் அலைந்து திரிந்து பெண்ணைப் படுத்துகிறது என்று பழைய கிரேக்கம் நம்பியது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 1980இல்தான் ஹிஸ்டீரியா என்ற பெயரைக் கைவிட்டது. பெயர் போனாலும் தர்க்கம் நிற்கிறது. பை இருந்தவரை எல்லா வலிக்கும் பைதான் காரணம். பை போன பிறகு எல்லா வலிக்கும் மனசு காரணம். எப்படியும் குற்றவாளி அவள்தான்.

2

அடுத்து மொழி. நோயைப் பற்றிப் பேச ஆங்கிலத்துக்குச் சொல் போதாது என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் குறைப்பட்டுக்கொண்டார். எலைன் ஸ்கேரி 1985இல் வெளியான தன் நூலில் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். கடும் வலி மொழியை எதிர்க்கிறது, அழிக்கிறது, மனிதரை மொழிக்கு முந்திய கூக்குரலுக்குத் தள்ளிவிடுகிறது என்பது அவர் வாதம். கலை, இலக்கிய வட்டாரங்களில் இது ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. வலி சொல்லமுடியாதது என்று எழுதுவதில் ஒரு அழகியல் சுகமும் இருக்கிறது.

ஸ்கேரி சித்ரவதைக் கூடத்திலிருந்து தொடங்குகிறார் என்பதை மறக்கக்கூடாது. அங்கே வலி மொழியை அழிக்கத்தான் செய்கிறது. அழிப்பதற்காகவே அது தரப்படுகிறது. ஆனால் அரசு மருத்துவமனை ஓபியில் வரிசையில் நிற்கிற பெண்ணிடம் மொழி அழிந்துபோய் இருக்கவில்லை. கேட்டுப் பாருங்கள். குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, எரியுது, இழுத்துப் பிடிக்குது, சுருக்குனு தைக்குது, விண்விண்ணுனு தெறிக்குது, மதமதன்னு இருக்கு, தொட்டா கூசுது, கரண்ட் அடிச்ச மாதிரி தொடை வரைக்கும் ஓடுது. இத்தனை சொற்களைக் கொட்டிவிட்டு அவள் நிமிர்ந்து பார்க்கும்போது சீட்டில் எழுதப்பட்டிருப்பது 'அடிவயிற்று வலி' என்பதற்கான இரண்டே ஆங்கில வார்த்தைகள்.

மெல்ஸாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில் வலியைச் சொல்லும் 78 சொற்கள் 20 தொகுதிகளாக இருக்கின்றன. நோயாளிகள் பேசும் சொற்களை மருத்துவம் மதித்துக் கேட்டதன் விளைவு அது. ஸ்கேரியே அதைப் பாராட்டுகிறார். 2005இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நரம்பு வலியைப் பிரித்தறிய ஒரு சிறு பட்டியல் தயாரித்தார்கள். எரிச்சல், சில்லிட்ட வலி, மின்சாரம் பாய்வது, கூச்சம், ஊசி குத்தல், மரத்துப்போதல், அரிப்பு என்பவைதான் அதில் கேட்கப்படுகின்றன. நம் பெண் ஓபியில் சொன்ன சொற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரண்ட் அடிச்ச மாதிரி என்பது உவமை அல்ல, நோயறிதல். எரியுது, மதமதன்னு இருக்கு என்பவை நரம்பைக் காட்டுகின்றன. இழுத்துப் பிடிக்குது என்பது தசையைக் காட்டக்கூடும். அவள் சொற்களை இரண்டு வார்த்தையாகச் சுருக்கியபோது அவளுடைய உணர்ச்சி மட்டுமல்ல, அவளுடைய அறிவும் குப்பைக்குப் போயிற்று.

அதே 1926இல், வுல்ஃப் எழுதிய வருஷத்தில், கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஓர் எளிய சோதனையை விவரித்தார். மல்லாந்து படுத்த நோயாளியின் வயிற்றில் வலிக்கிற இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே, தலையைத் தூக்கி வயிற்றை இறுக்கச் சொல்வது. வலி கூடினால் அது பெரும்பாலும் உள்ளுறுப்பிலிருந்து வருவதல்ல, வயிற்றுச் சுவரின் நரம்பிலிருந்தோ தசையிலிருந்தோ வருவது. கருவி வேண்டாம், காசு வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். ஸ்கேனில் தெரியாத தழும்பு நரம்பின் வலியை இப்படிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுக் குறைக்கவும் முடியும். ஆக, பற்றாக்குறை மொழியில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. வலி சொல்லமுடியாதது என்ற கோட்பாடு, கேட்க மறுக்கிற அதிகாரத்துக்கு வசதியான தத்துவமாகிவிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

3

மூன்றாவதாக இயக்கங்களின் பிரதி. 1994இல் புனேயின் அரசு மருத்துவமனையில், ஷிரூர் அரசு இல்லத்திலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களின் கர்ப்பப்பைகள் எடுக்கப்பட்டபோது பெண்கள் அமைப்புகள் போராடின. மாதவிலக்குச் சுத்தத்தைப் பராமரிக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பராமரிக்க வேண்டிய அரசு, வேலையைக் குறைத்துக்கொள்ள உறுப்பைக் குறைத்தது. 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டச் செய்தி வெளியே வந்தது. கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் எடுத்த கணக்கில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாளாகக் கணக்கிடப்பட்டு முன்பணம் வாங்குகிறார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பார். மாதவிலக்கு என்பது அங்கே கடன். கழிப்பறை இல்லாத கரும்புக் காட்டில் வரும் நோய்த்தொற்றுக்கு, தனியார் மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சை கர்ப்பப்பையை எடுப்பது. 'ரெண்டு மூணு புள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு?'

2015-16இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 3 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருப்பதைச் சொன்னது. ஆந்திரத்தில் 100க்கு ஏறக்குறைய 9 பேர். மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கு அல்லது வலி. ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கரில் நடந்தவை பற்றி 2013இல் ஒரு மருத்துவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. தேவையற்ற அறுவையைத் தடுக்க மத்திய அரசு 2022இல் தந்த நெறிமுறைகளை 3 மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும் என்பது அந்த நெறிமுறை.

இவை சிறிய வெற்றிகள் அல்ல. வீதியிலும் நீதிமன்றத்திலும் நின்றவர்களின் உழைப்பு அது. ஆனால் இந்தப் பிரதிகளை வரிசையாக வைத்து வாசித்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. எல்லாமே ஆபரேஷன் தியேட்டரின் நுழைவாயிலில் காவல் நிற்கின்றன. எத்தனை பேர் உள்ளே போனார்கள், ஏன் போனார்கள், எத்தனை வருஷத்துக்கு முன்பு, எந்த மருத்துவமனையில் என்று எண்ணுகின்றன. வெளியே வந்தவள் எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி கணக்கெடுப்பின் படிவத்தில் இல்லை. 13,861 என்ற எண்ணில் கர்ப்பப்பைகள் எண்ணப்பட்டிருக்கின்றன, வலிகள் எண்ணப்படவில்லை. பீடின் பெண்கள் முதுகு வலியையும் மூட்டு வலியையும் தலைசுற்றலையும் பத்திரிகையாளர்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அது ஊழலுக்கான சாட்சியமாக வாசிக்கப்பட்டது. சிகிச்சைக்கான கோரிக்கையாக வாசிக்கப்படவில்லை. சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே மாதவிடாய் முற்றிவிடுகிறது, எலும்பு தேய்கிறது, இதயநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. அந்த உடம்போடுதான் அவள் அடுத்த அறுவடைக்குக் கரும்புக்கட்டைத் தலையில் தூக்குகிறாள்.

இங்கே பெரியாரை நினைவுகொள்ள வேண்டியிருக்கிறது. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றி அவர் சொன்னது, மற்றவர்கள் சொன்னதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பச் சொத்துக்காக, நாட்டின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்கள். அவரோ பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். இந்த வேறுபாடு நமக்கு இன்றைக்கும் உரைகல். பீடில் பிள்ளைப்பேற்றின் பாரம் போய்விட்டது, ஆனால் விடுதலை வரவில்லை. ஏனெனில் எடுத்தவர்கள் அவளுக்காக எடுக்கவில்லை, கரும்பாலைக்காக எடுத்தார்கள். உறுப்பு இருப்பதா போவதா என்பதல்ல பிரச்சினை, அந்த முடிவு யாருடையது, அதன் விளைவை யார் சுமப்பது என்பதே பிரச்சினை. வலி என்ற அந்த விளைவை அவள் ஒருத்தியே சுமக்கிறாள்.

4

இலக்கியத்துக்கு வருவோம். நம் மரபில் கர்ப்பப்பை ஒரு உறுப்பாக இருந்ததைவிடக் குறியீடாக இருந்ததே அதிகம். தாய்மை, நிலம், இருள், தோற்றுவாய் என்றெல்லாம் அது விரிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் குறியீட்டைக் கட்டுடைத்த பெண் எழுத்து வந்தது. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்தபோது எழுந்த கூச்சல், பெண் தன் உறுப்பைத் தானே பெயரிட்டுச் சொல்வதைச் சகிக்க முடியாதவர்களின் கூச்சல். அந்தப் போராட்டத்தின் முக்கியத்துவம் குறையவே குறையாது. ஆனால் உடலைக் கொண்டாடும் எதிர்ச்சொல்லாடலிலும் ஒரு முழு உடல் முன்னனுமானமாக இருக்கிறது. எடுக்கப்பட்டுவிட்ட உறுப்பை வைத்துக் கொண்டாட்டமும் செய்ய முடியாது, தாய்மைப் புகழும் பாட முடியாது. இரண்டுக்கும் உதவாத உடம்பாகப் பெண் நிற்கும்போது அவளை எழுத நமக்குக் கை வருவதில்லை.

ஹிலரி மேண்டலின் தன்வரலாறு இங்கே உதவக்கூடும். புக்கர் பரிசை 2009இலும் 2012இலும் பெற்ற, 2022இல் மறைந்த இங்கிலாந்து நாவலாசிரியர். மாணவியாக இருந்தபோதே கடும் வலி. மனநோய் என்று முடிவுகட்டி மாத்திரைகள் கொடுத்தார்கள். எழுதவே கூடாது என்றுகூட ஒரு மனநல மருத்துவர் அவரிடம் சொன்னார். பின்னர் போட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது மருத்துவப் பாடநூலைப் படித்துத் தனக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று அவரே கண்டுபிடித்தார். 27 வயதில் லண்டனில் கர்ப்பப்பையும் சூலகமும் எடுக்கப்பட்டன. நோய் திரும்பி வந்தது, வலியும் வந்தது, ஹார்மோன் மருந்தில் உடம்பு அடையாளம் தெரியாமல் பருத்தது. 2003இல் வந்த 'கிவ்விங் அப் த கோஸ்ட்' இதையெல்லாம் சொல்கிறது.

மேண்டல் வெள்ளைக்காரர், படித்தவர், எழுத வாய்த்தவர். பீடின் கூலிப் பெண்ணோடு அவரை ஒரே தட்டில் வைப்பது அபத்தம். நமக்குப் பயன்படுவது அந்தப் பிரதி அமைந்திருக்கும் விதம். அறுவை அங்கே கதையின் உச்சமும் அல்ல, முடிவும் அல்ல. அதற்குப் பிறகும் வருஷங்கள் இருக்கின்றன, அந்த வருஷங்களுக்கும் பக்கங்கள் இருக்கின்றன. வலி அங்கே ஞானத்துக்கான ஏணியாக மாறுவதில்லை. கோபம் இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, பிறக்காத குழந்தைகள் ஆவிகளாக வீட்டில் உலவுகின்றன. குணமாகவும் இல்லை, அழிந்துபோகவும் இல்லை என்ற நடுநிலத்தை எழுதுவது கடினம். சோகத்துக்கும் வெற்றிக்கும் பழகிய நம் கதையாடல் வடிவங்கள் அந்த நிலத்தில் கால் வைப்பதில்லை. நீடித்த வலி வாழ்வதோ அங்கேதான்.

5

கடைசியாக, 'சமாளிப்பது' பற்றி. இந்தச் சொல்லைச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். பொம்பளைன்னா பொறுத்துக்கணும் என்ற பழைய சகிப்பும், நேர்மறையாக நினையுங்கள் வலி போய்விடும் என்ற புதிய சந்தைப் பேச்சும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டும் வலியை அவளுடைய தனிச்சொத்தாக்கி அவள் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. அதற்காக, இது சமூக அமைப்பின் விளைவு, அமைப்பு மாறும்போது மாறும் என்று சொல்லிவிட்டு நகர்வதும் அயோக்கியத்தனம். அவளுக்கு வலி இன்றைக்கு ராத்திரி இருக்கிறது.

இன்றைக்குச் செய்யக்கூடியவை உண்டு. எதை எடுத்தார்கள், சூலகத்தையும் எடுத்தார்களா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்தும் பயாப்ஸி முடிவிலிருந்தும் தெரிந்துகொள்வது முதல் வேலை. வயது முப்பதுகளிலேயே சூலகமும் போயிருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேட்பது அவள் உரிமை. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்ட முடிகிறதா, உள்ளங்கையால்தான் தடவிக் காட்ட முடிகிறதா என்பதே மருத்துவருக்குத் தகவல். எப்போது கூடுகிறது, எந்த வேலைக்குப் பிறகு, சிறுநீர் கழிக்கையிலா, உறவின்போதா என்பதைச் சொந்தச் சொற்களில் குறித்துவைப்பது பாதி நோயறிதல். இறுகிய இடுப்புத் தசைகளை இளக்கும் பயிற்சிகளைத் தெரிந்த பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருவார்கள். வெந்நீர் ஒத்தடம், மூச்சோடு சேர்ந்த தசைத்தளர்ச்சி, வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து வலி உச்சத்துக்குப் போகுமுன் நிறுத்துவது ஆகியவை நரம்பு மண்டலம் கற்றதை மெல்ல மறக்கவைக்கும் வழிகள். வெறும் மாத்திரையால் தீராது. காரணம் கண்டறியப்படாத இடுப்பு வலியுள்ள 306 பெண்களிடம் நடத்தி 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், கபாபென்டின் மாத்திரை வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக உதவவில்லை; பக்கவிளைவுதான் கூடியது. புதிதாக உதிரம் பட்டாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, திடீரென்று வயிறு உப்பி வாந்தி வந்தாலோ சமாளிக்க வேண்டியதில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் நேரத்தைக் கேட்கிறது. வேலையைத் துண்டாகப் பிரி என்று தீப்பெட்டி ஒட்டுபவளிடமும் கட்டடத்தில் கல் சுமப்பவளிடமும் சொல்லும்போது, நாம் சிகிச்சையைப் பற்றி அல்ல, கூலியைப் பற்றிப் பேசுகிறோம். ஓய்வு என்பது சொத்து. அது எல்லோரிடமும் இல்லை. ஆகவே சமாளிப்பு என்பதைச் சகிப்பிலிருந்து பிரித்துக் கோரிக்கையாக மாற்ற வேண்டும். எடுத்த உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதிய சீட்டு வேண்டும். கர்ப்பப்பை எடுத்த ஒவ்வொருவரிடமும் 3 மாதத்திலும் ஓராண்டிலும் வலி இருக்கிறதா என்று கேட்டுப் பதிய வேண்டும், அதுவும் அவள் சொல்லும் சொல்லிலேயே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அந்தப் பட்டியலில் இந்த வலிக்கும் இடம் கேட்கலாம். கண்காணிப்புக் குழுக்கள் தியேட்டருக்குள் போனவர்களை எண்ணுவதோடு வெளியே வந்தவர்களையும் பார்க்க வேண்டும். ஓய்வுக்கால கூலி தொழிற்சங்கங்களின் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. வலி சொல்லமுடியாதது என்று மறுபடி ஒரு கவிதை எழுதுவதைவிட, ஊருக்கு ஊர் பெண்கள் வலிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று போய்க் கேட்டு எழுதிவைப்பது அவசரமான இலக்கியப் பணி. உளைச்சலுக்கும் குடைச்சலுக்கும் கடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுக்குத் தெரியும். அதை எழுதி, சங்கங்களிடமும் சம்மதிக்கிற மருத்துவர்களிடமும் கொடுப்போம். 'அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே' என்ற வாக்கியத்துக்கு எதிராக நம்மிடம் இப்போதைக்கு இருக்கிற ஆயுதம் அந்த அகராதிதான்.